அடுக்கவும் வேண்டும், பூட்டவும் வேண்டும்! கம்பெனிக் கணக்கைக் காப்பது எப்படி?

அனுப்பர்பாளையம் என்றால் பாத்திரம்!

திருப்பூரை ஒட்டி, அவிநாசி சாலையில் இருக்கிறது இந்த ஊர். செம்பு, பித்தளை, எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பெயர் பெற்றது. பட்டறைகளில் தகட்டைத் தட்டும் ஓசை தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அதே ஊரைச் சுற்றி இன்று பனியன் கம்பெனிகளும் நிறைந்திருக்கின்றன. ஒரு பக்கம் பாத்திரம் தட்டும் சத்தம். மறு பக்கம் தையல் யந்திரங்களின் இரைச்சல்.

பாத்திரத்துக்கும் பனியனுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை என்பீர்கள். ஆனால், பனியன் கம்பெனியின் பெரிய சொத்து ஒன்றைக் காப்பாற்றும் வித்தை, பாத்திரக்காரருக்கு முன்பே தெரிந்த வித்தைதான்!

எது அந்தச் சொத்து?

யந்திரமா? அது பழுதானால் வேறு வாங்கலாம். நூலா? அது தீர்ந்தால் மறுபடி வரும்.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கோப்புகள்தான் அந்தச் சொத்து. "பைல்" என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதுதான்.

வெளிநாட்டு வியாபாரி அனுப்பிய டிசைன் அதில் இருக்கிறது. துணி வெட்டும் அளவு இருக்கிறது. சாயத்தின் நிறம், பேசிய விலை, கப்பலில் ஏற்ற வேண்டிய தேதி எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

இன்னொன்றும் இருக்கிறது. அங்கே வேலை செய்பவரின் பெயர், வீட்டு விலாசம், ஆதார் எண், பாங்குக் கணக்கு எண், பி.எப். எண். இந்த வாரம் எத்தனை ஷிப்டு பார்த்தார், எவ்வளவு சம்பளம் என்ற கணக்கு.

ஆகவே, இது முதலாளியின் கவலை மட்டும் அல்ல. சனிக்கிழமை சம்பளத்தை நம்பி அரிசி வாங்கும் குடும்பத்தின் கவலையும்தான்.

2024-25-ஆம் ஆண்டில் திருப்பூரிலிருந்து வெளிநாடுகளுக்குப் போன பின்னலாடையின் மதிப்பு 40 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அவ்வளவு பெரிய வியாபாரத்தின் கணக்கும் இப்படிப்பட்ட பைல்களில்தான் அடங்கி இருக்கிறது.

திருடன் வரவில்லை, பூட்டு வந்தது!

முன்பெல்லாம் கணக்கு நோட்டு இரும்புப் பெட்டியில் இருக்கும். சாவி முதலாளியின் இடுப்பில் இருக்கும். திருட வருகிறவன் சுவர் ஏறிக் குதிக்க வேண்டும்.

இப்போது திருடன் எங்கோ ஒரு தேசத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். அவன் பைலை எடுத்துக்கொண்டு ஓடவும் வேண்டியது இல்லை. உங்கள் பீரோவின்மேல் தன் பூட்டைப் போட்டுவிடுகிறான். "பணம் கொடு, சாவி தருகிறேன்" என்கிறான். இதற்கு "ரான்சம்வேர்" என்று பெயர். பிணைப் பணம் கேட்கும் பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது கதை அல்ல. நம் நாட்டின் தலைநகரிலேயே நடந்தது.

2022-ஆம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி. டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் திடீரென்று முடங்கின. நோயாளியின் பெயரைப் பதிய முடியவில்லை. பழைய சீட்டைப் பார்க்க முடியவில்லை. டாக்டர்களும் நர்சுகளும் நாள் கணக்கில் கையால் எழுதிச் சமாளித்தார்கள்.

என்ன நடந்தது என்று மத்திய அரசு பின்னர் பாராளுமன்றத்தில் விளக்கியது. ஐந்து சர்வர்கள், அதாவது பலருக்கும் பொதுவான பெரிய கம்ப்யூட்டர்கள், தாக்கப்பட்டன. சுமார் 1.3 டெராபைட் அளவுள்ள விவரம் பூட்டப்பட்டது. ஒரு டெராபைட் என்பது ஆங்கில எழுத்துக் கணக்கில் ஒரு லட்சம் கோடி எழுத்து!

காரணம் என்ன? உள்ளே அறைகள் சரியாகத் தடுக்கப்படவில்லை. ஒரு வாசலில் நுழைந்தவன் பல அறைகளுக்கும் போக முடிந்தது.

பிழைத்தது எப்படி? நகல் வைத்திருந்த ஒரு சர்வர் தாக்குதலில் சிக்கவில்லை. அதிலிருந்து விவரங்களை மீட்டார்கள்.

பார்த்தீர்களா? கெடுத்தது தடுப்பு இல்லாத வீடு. காப்பாற்றியது தனியாக இருந்த நகல். பெரிய ஆஸ்பத்திரிக்கும் சரி, அனுப்பர்பாளையத்துச் சின்னக் கம்பெனிக்கும் சரி, பாடம் ஒன்றுதான்.

செய்ய வேண்டிய வேலைகள் மூன்று. அடுக்குவது. பூட்டுவது. நகல் எடுப்பது.

முதல் வேலை: அடுக்குவது

பாத்திரக்காரர் என்ன செய்கிறார்? பெரிய பாத்திரத்துக்குள் அடுத்ததை வைக்கிறார். அதற்குள் அதைவிடச் சிறியதை வைக்கிறார். பத்துப் பாத்திரம் ஒரு பாத்திரத்தின் இடத்தில் அடங்கிவிடுகிறது. எதுவும் நசுங்குவது இல்லை.

கம்ப்யூட்டரும் அப்படி அடுக்குகிறது.

"இடம்தான் இப்போது மலிவாயிற்றே, எதற்கு அடுக்க வேண்டும்?" என்று கேட்கலாம். மலிவுதான். 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பெனி முதல் ஹார்ட் டிஸ்க் யந்திரத்தை வெளியிட்டது. அதன் எடை சுமார் ஒரு டன். உள்ளே 50 பெரிய தட்டுகள் சுழன்றன. அது தாங்கியது 50 லட்சம் எழுத்துத்தான்! இன்று சுண்டு விரல் அளவு பென் டிரைவ் அதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு தாங்குகிறது.

ஆனால் சரக்கும் பெருகிவிட்டது. கம்பெனிச் சட்டப்படி நடக்கும் கம்பெனிகள் கணக்குப் புத்தகத்தை எட்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. கணக்கை, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யக் கெடுவான நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். டிசைன் படங்களோ நாளுக்கு நாள் குவிகின்றன.

பெரிய மூட்டையை நகல் எடுக்க நேரம் அதிகம் ஆகும். நேரம் அதிகம் ஆனால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று மனிதன் தள்ளிப்போடுவான். அந்த நாளைக்குள் திருடன் வந்துவிடுவான்! மூட்டை சிறிதானால் நகல் தினமும் நடக்கும்.

"மேற்படி" என்ற மந்திரம்

எப்படிச் சிறிதாக்குவது? நம் பழைய கணக்குப்பிள்ளையைக் கேட்டால் சொல்வார்.

"வெள்ளை நூல், ஈரோடு" என்று ஒரு வரி எழுதுவார். அடுத்த வரியிலும் அதுவே வந்தால் மறுபடி எழுத மாட்டார். "மேற்படி" என்று போடுவார். அதையும் சுருக்கி ஒரே குறியாக எழுதினார்கள் நம் முன்னோர். அந்தக் குறி இதுதான்: ௸. வரவுக்கு ௷. பற்றுக்கு ௶. ரூபாய்க்கு ௹. தமிழ்க் கணக்கில் இவை எல்லாம் பழைய வழக்கம்.

1977-ஆம் ஆண்டில் ஆபிரகாம் லெம்பல், யாக்கோபு சிவ் என்ற இரண்டு இஸ்ரேல் நாட்டு அறிஞர்கள் ஒரு முறையை வெளியிட்டார்கள். முன்பே வந்த சொல் மறுபடி வந்தால், அதைத் திரும்ப எழுதாதே. "இத்தனை எழுத்துக்கு முன்னால் பார், இத்தனை எழுத்தை எடு" என்று மட்டும் குறித்துக்கொள். அவ்வளவுதான். இன்று கம்ப்யூட்டரில் "ஜிப்" செய்கிறார்களே, அதன் அடிப்படை இதுவே. மேற்படி போடும் கணக்குப்பிள்ளையின் வழியும் இதுவே!

இன்னொரு வழியை 1951-ஆம் ஆண்டில் ஒரு மாணவர் கண்டுபிடித்தார். அவர் பெயர் டேவிட் ஹப்மன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்லூரியில் படித்தார். "பரீட்சை எழுதுகிறாயா, கட்டுரை எழுதுகிறாயா?" என்று பேராசிரியர் கேட்டார். ஹப்மன் கட்டுரையைத் தேர்ந்தெடுத்தார். அடிக்கடி வரும் எழுத்துக்குக் குட்டைக் குறி, அபூர்வமாக வரும் எழுத்துக்கு நெட்டைக் குறி. மொத்தத்தில் இடம் மிச்சம். பரீட்சைக்குப் பயந்த மாணவனுக்கு உலகப் புகழ் கிடைத்தது!

மூன்றாவது வழி, ஒரே பைலைப் பல இடத்தில் வைக்காமல் இருப்பது. ஒரு சட்டையின் படத்தை மெர்ச்சன்டைசர் ஒரு நகல் வைத்திருப்பார். கட்டிங் மாஸ்டரிடம் ஒன்று, பேக்கிங் பிரிவில் ஒன்று இருக்கும். கம்ப்யூட்டர் ஒவ்வொரு பைலுக்கும் கைரேகை போல ஓர் எண்ணைக் கணக்கிடும். எண் ஒன்றாக இருந்தால் சரக்கும் ஒன்று. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் "அங்கே பார்" என்று எழுதிவிடும்.

பஞ்சும் கரும்பும்

இங்கே ஓர் எச்சரிக்கை! சுருக்குவதில் இரண்டு விதம் உண்டு.

பஞ்சை அழுத்திப் பொதியாகக் கட்டுகிறோம். பிரித்தால் அதே பஞ்சு கிடைக்கும். ஒரு இழைகூடக் குறையாது. இது ஒரு விதம்.

கரும்பைப் பிழிந்து சாறு எடுக்கிறோம். சாறு கிடைக்கும். ஆனால் மறுபடி கரும்பு கிடைக்காது. இது மற்றொரு விதம்.

செல்போனில் அனுப்பும் போட்டோ கரும்பு ரகம். கண்ணுக்குத் தெரியாத நுணுக்கத்தைக் கழித்துவிட்டுச் சுருக்குகிறார்கள். கணக்கும் துணி வெட்டும் அளவும் பஞ்சு ரகமாகத்தான் இருக்க வேண்டும். ஒரு புள்ளி தவறினால் ஆயிரம் பனியன் வீண்!

இரண்டாவது வேலை: பூட்டுவது

முதலில் அடுக்கு, பிறகு பூட்டு. இந்த வரிசை மாறக் கூடாது. பூட்டிய பாத்திரத்துக்குள் இன்னொன்றை வைக்க முடியுமா? அதே போல, பூட்டிய பைலைச் சுருக்க முடியாது. ஏன் தெரியுமா? பூட்டும்போது எழுத்துகள் தாறுமாறாகக் கலைக்கப்படுகின்றன. ஒரே சொல் திரும்ப வந்தாலும் வேறு வேறாகத் தெரியும். "மேற்படி" போட இடமே இராது.

இந்தப் பூட்டு எவ்வளவு பலமானது? 2001-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு ஒரு முறையைத் தரமாக ஏற்றது. பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த இருவர் வகுத்த முறை அது. இன்று உலகம் முழுதும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதன் பெரிய பூட்டுக்கு எத்தனை விதமான சாவிகள் இருக்க முடியும்? 78 இலக்கம் உள்ள எண்! ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறப்பது நடக்காத காரியம்.

அப்படியானால் திருடன் எப்படி நுழைகிறான்? பூட்டை உடைத்து அல்ல. சாவியைத் திருடி!

சாவி யாரிடம்?

பூட்டு என்றதும் நமக்குத் திண்டுக்கல் நினைவு வரும். 2019-ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டு புவிசார் குறியீடு பெற்றது. சாவியைத் திருப்பினால் மணி அடிக்கும் பூட்டுக்கூட அங்கே செய்திருக்கிறார்கள். யாரோ திறக்கிறார்கள் என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும்.

கம்பெனிக் கம்ப்யூட்டருக்கும் அந்த அறிவு வேண்டும்.

முதல் விதி: வேலைக்கு வேண்டிய சாவி மட்டும் கொடு. கட்டிங் மாஸ்டருக்கு அளவு தெரிய வேண்டும். வெளிநாட்டு விலை தெரிய வேண்டியது இல்லை. கணக்கருக்குச் சம்பளப் பட்டியல் வேண்டும், டிசைன் வேண்டாம். இது யாரையும் சந்தேகிப்பது ஆகாது. ஒருவருடைய சாவி களவு போனால், ஓர் அறை மட்டும் போகும். வீடு முழுவதும் போகாது.

இரண்டாவது விதி: ஆளுக்கு ஒரு சாவி. "ஆபீசுக்கு எல்லாம் ஒரே பாஸ்வேர்டு" என்ற வழக்கம் கூடாது. தவறு நடந்தால் யார் செய்தார் என்று தெரியாது. குற்றம் செய்யாதவர்மீதும் பழி விழும். தனிச் சாவி ஒரு நல்ல சிப்பந்திக்குப் பாதுகாப்பு!

மூன்றாவது விதி: வேலையை விட்டுப் போகிறவரிடம் அன்றே சாவியைத் திரும்ப வாங்கு. ஆள் போன பிறகும் பாஸ்வேர்டு உயிரோடு இருந்தால் ஆபத்து.

நான்காவது விதி: இரட்டைச் சாவி. பாங்கு லாக்கரைத் திறக்க உங்கள் சாவியும் வேண்டும், பாங்கின் சாவியும் வேண்டும். பாஸ்வேர்டு ஒரு சாவி. செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. மறு சாவி. ஒன்று களவு போனாலும் மற்றது காக்கும். அந்த எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள் என்பது இதனால்தான்.

ஒரு வேடிக்கை

பாஸ்வேர்டு களவு புதிது அல்ல. எம்.ஐ.டி.யில் 1960-களின் தொடக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரைப் பலர் பங்கு போட்டு உபயோகித்தார்கள். ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று அளவு. அதற்காகத் தலைக்கு ஒரு பாஸ்வேர்டு. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு அந்த நேரம் போதவில்லை. என்ன செய்தார்? 1962-ல், பாஸ்வேர்டுகள் எழுதியிருந்த பைலையே அச்சடிக்கச் சொல்லிக் கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுத்தார். அதுவும் பணிவாக அச்சடித்துக் கொடுத்தது! பல ஆண்டுகளுக்குப் பிறகு அவரே இதை வெளியே சொன்னார்.

இன்று நல்ல கம்ப்யூட்டர்களில் பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைப்பது இல்லை. அரைத்து வைக்கிறார்கள். அரிசியை அரைத்தால் மாவு. மாவிலிருந்து மறுபடி அரிசி வராது. நீங்கள் பாஸ்வேர்டு போட்டதும் அதையும் அரைத்து, மாவும் மாவும் ஒன்றுதானா என்று பார்க்கிறது யந்திரம். மாவைத் திருடினவனுக்கு அரிசி எளிதில் கிடைக்காது. ஆனால் "1234" என்று வைத்தால்? அவன் அதை முதலிலேயே அரைத்துப் பார்த்துவிடுவான்!

மூன்றாவது வேலை: நகல்

பூட்டு எவ்வளவு நல்லதானாலும் தீ பிடிக்கலாம். யந்திரம் பழுதாகலாம். ஆகவே நகல் வேண்டும். "பேக்கப்" என்பது இதுதான்.

கணக்கு சுலபம். மூன்று பிரதிகள். இரண்டு விதமான சாதனத்தில். ஒன்று வெளியூரில், அல்லது கட்டணத்துக்கு இடம் தரும் வெளிக் கம்பெனியின் கம்ப்யூட்டரில். ஒரு பிரதியாவது கம்பிகளிலிருந்து கழற்றிப் பீரோவில் இருக்க வேண்டும். ஏன்? ஒட்டிக்கொண்டே இருந்தால், திருடன் அதன்மேலும் பூட்டுப் போட்டுவிடுவான்.

மாதம் ஒரு முறை நகலைத் திறந்து பார்க்க வேண்டும். திறக்காத நகல், பார்க்காத ஊறுகாய் ஜாடி. உள்ளே பூசணம் பிடித்திருக்கலாம்!

பூட்டின் சாவியையும் ஒரு நகல் எடுத்து, உறையில் ஒட்டி, பாங்கு லாக்கரில் வைக்க வேண்டும். அந்தச் சாவி தொலைந்தால் சொந்தக்காரருக்கும் பைல் கிடைக்காது.

கதவு ஓட்டையை அடைப்பதிலும் தாமதம் கூடாது. 2017-ஆம் ஆண்டு மே 12-ந் தேதி "வானாக்ரை" என்ற பூட்டு வைரஸ் உலகெங்கும் பரவியது. சுமார் 150 நாடுகள் தவித்தன. இங்கிலாந்தில் ஆபரேஷன்கள் தள்ளிவைக்கப்பட்டன. அந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசாப்ட் கம்பெனி மார்ச் மாதமே கொடுத்திருந்தது! போட்டுக்கொள்ளாத கம்ப்யூட்டர்கள்தான் பெரும்பாலும் அகப்பட்டன. "அப்டேட் செய்" என்று கம்ப்யூட்டர் கேட்டால், "பிறகு" என்று சொல்லாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில், யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற பதிவு இருந்தே ஆக வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இது விதி. அந்தப் பதிவை நிறுத்தி வைக்கவும் முடியாதபடி இருக்க வேண்டும். கேட்டுக் காவல்காரரின் நோட்டுப் போல என்று சொல்லலாம். கணக்கின் நகலை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் வைக்க வேண்டும் என்று 2022-ல் விதி திருத்தப்பட்டது.

கம்ப்யூட்டரில் இப்படித் தாக்குதல் நடந்தால், தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் "செர்ட்-இன்" என்ற மத்திய அமைப்புக்குச் சொல்ல வேண்டும். இதுவும் 2022-ல் வந்த கட்டளை.

மற்றவருடைய சொந்த விவரத்தை வைத்திருப்பவர் அதைக் காக்க வேண்டும் என்று 2023-ல் தனிச் சட்டம் நிறைவேறியது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாயின. கட்டம் கட்டமாக அமல் ஆகிறது. பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்! தொழிலாளியின் ஆதார் நகல் மேஜைமேல் கிடக்கும் காகிதம் அல்ல என்று சட்டம் சொல்கிறது.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது

கம்பெனி செய்வதைக் குடும்பமும் செய்யலாம். செலவு அதிகம் இல்லை.

ரேஷன் கார்டு, பத்திரம், மகளின் மார்க் ஷீட்டு இவற்றின் படம் செல்போனில் மட்டும் இருந்தால் போதாது. ஒரு பென் டிரைவிலும் வையுங்கள். அதைப் பீரோவில் பூட்டுங்கள்.

பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். பிள்ளையின் பெயரும் பிறந்த வருஷமும் வேண்டாம். ஊருக்கே தெரிந்தது ரகசியம் ஆகாது.

"பாங்குக் கணக்கு எண் மாறிவிட்டது, இதில் பணம் போடு" என்று கடிதம் வந்தால் நம்பாதீர்கள். முன்பே தெரிந்த போன் எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். வெளிநாட்டு வியாபாரத்தில் ஏமாற்றுக்காரர்களின் பழைய தந்திரம் இது.

பணம் ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். முந்திச் சொன்னால், பணம் கை மாறும் முன் தடுக்க வழி உண்டு.

பாத்திரத்தை விளக்கி, அடுக்கி, அலமாரியைப் பூட்டிய பிறகுதான் வீட்டில் விளக்கு அணைகிறது. ஆபீசிலும் அந்தப் பழக்கம் வரட்டும். சாயங்காலம் புறப்படும் முன் மூன்று கேள்வி கேட்டுக்கொண்டால் போதும். அடுக்கினோமா? பூட்டினோமா? நகல் எடுத்தோமா?

மூன்றுக்கும் "ஆம்" என்றால், சனிக்கிழமை சம்பளம் தவறாது!